பாலத்தின் குறுக்கே ஒரு கயிறு

ஓக்சோய் மாவட்டத்தில் பருத்திக் காலத்துக் கூட்டம் என்றால் நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பொருள். விடிந்ததும் விவசாயிகள் ஆட்சி அலுவலகத்தின் பெரிய கூடத்தில் வந்து உட்கார்வார்கள். மேடையில் துணை ஹோக்கிம் துர்கனோவ் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். மாவட்டத்தை ஆளும் ஹோக்கிமுக்குப் பருத்தி விஷயத்தில் கண்ணும் வாயும் அவர்தான். யாருடைய பருத்தி மேலிடம் வைத்த திட்ட அளவுக்குக் குறைந்ததோ அவர் எழுந்து நிற்க வேண்டும். கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்களும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த அக்டோபர் காலையில் கூடத்தில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஹோசியத் எர்காஷேவா!”

“இருக்கேன் ஐயா.”

“இருந்தா எழுந்திரிங்க.”

“உக்காந்திருந்தாலும் காது கேக்குதுங்க.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். அந்த நேரத்தில் வருகிற இருமல் எல்லாம் சிரிப்புதான். துர்கனோவ் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத்தனை ஆம்பளைங்க நிக்கறாங்க. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

“அவங்க இப்பதான் நிக்க ஆரம்பிச்சிருக்காங்க. நான் விடியறதுக்கு முன்னாடியே வயல்ல நின்னுட்டு வந்துட்டேன். என் பங்கு முடிஞ்சுது.”

“உங்க பருத்தி ஒரு சுளை கூட ஆலைக்கு வரலை. வயல் ஓரத்துல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்களாம். என்ன, அடைகாக்கறீங்களா?”

“போன வருஷத்துக் காசு வரட்டும் ஐயா. ஒரே மூச்சில கொண்டாந்து கொட்டிடறேன்.”

“காசுக்குப் பதிலாத்தான் எண்ணெய் டின் குடுத்தாங்களே!”

“குடுத்தாங்க. பருத்தி எடுத்த பொம்பளைங்ககிட்ட அந்த டின்னைத்தான் நானும் நீட்டினேன். கரோமத் கேட்டா, ‘இதை என் புள்ளை காலுக்கு ஷூவா மாட்டி விடவா?’ன்னு. எனக்குப் பதில் தெரியலை. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

இந்த முறை இருமல் பல இடங்களிலிருந்து வந்தது. துர்கனோவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாதபோதுதான் அவர் சொன்னதைச் செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. யாரோட டிரெய்லராவது பாலம் தாண்டினா, மறுநாளே அவங்க இங்க வந்து, சொந்த விருப்பத்துல நிலத்தைத் திருப்பிக் குடுக்கறேன்னு எழுதிக் குடுப்பாங்க. அக்கா, உங்களுக்கும்தான் சொல்றேன்.”

பெரிய வாய்க்காலின் பாலத்துக்கு அந்தப் பக்கம் தோல்சோர் மாவட்டம். அங்கே விவசாயிகள் ஒன்றுகூடி நடத்தும் ஆலை ஒன்று இருக்கிறது. எடை போட்ட அன்றே காசு, விலையும் நல்ல விலை. இந்தப் பக்கத்து ஆலைக்கு முதலாளி தனி ஆள், காவலுக்கு மாவட்ட நிர்வாகமே நிற்கும். விலை அவர்கள் வைப்பது, பணம் அவர்களுக்குத் தோன்றும்போது, தோன்றாவிட்டால் எண்ணெயும் பிண்ணாக்கும். எந்த ஆலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று தலைநகரத்து உத்தரவு வசந்தத்திலேயே வந்துவிட்டது, தொலைக்காட்சியிலும் வாசித்தார்கள். ஆனால் மாவட்டத்தின் திட்டம் நிறையும்வரை ஒரு வண்டியும் பாலம் தாண்டக்கூடாது என்று உள்ளூரில் சொல்லிவிட்டார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். எங்கேயும் எழுதவில்லை.

*

ஹோசியத்தின் வீட்டுச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. இரட்டைப் பின்னல் போட்ட பதினைந்து வயதுப் பெண், கழுத்திலிருந்து தொங்கும் மடி நிறையப் பருத்தி. வாய் மட்டும் ஏனோ திறந்திருக்கிறது. பள்ளிக்கூடங்களை எல்லாம் இலையுதிர் காலத்தில் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வயலுக்கு ஓட்டிப்போன காலம் அது. அந்த வருஷம் மாவட்டத்திலேயே அதிகம் எடுத்தவள் அவள். பத்திரிகைக்காரர் படம் பிடிக்க வந்து “சிரிம்மா” என்றாராம். இவள் “இதை எவ்வளவுக்கு விக்கறாங்க?” என்று கேட்டாளாம். அவர் பொத்தானை அமுக்கிவிட்டார். கேள்வி பாதியில் நிற்க, படம் பத்திரிகையில் வந்தது. பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓடவில்லை.

அந்தக் கேள்வியை அவள் அதற்குப் பிறகும் விடவில்லை. கூட்டுப்பண்ணை கலைந்து நிலத்தைக் குத்தகைக்குப் பிரித்தபோது யாரும் தொடாத மூலை ஒன்று மிச்சமிருந்தது. உப்புப் பூத்து, தூரத்திலிருந்து பார்த்தால் பனி விழுந்ததுபோல் வெளுத்த மண். அதை ஹோசியத் கேட்டு வாங்கினாள். குளிர்காலம்தோறும் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவினாள். கணவன் மஹ்கம் டிராக்டர் ஓட்டுநர், அதிகம் பேசாதவர். “கல்யாணத்துக்கு முன்னாடி, உப்புக்குக்கூட வழியில்லாத வீட்டுக்குப் போறேன்னு அழுதே. இப்பப் பாரு” என்று ஒரே ஒரு முறை சொன்னார். உப்பு போக ஏழெட்டு வருஷம் ஆனது.

நிலம் நல்லதாகி அதில் அவள் பாசிப்பயறு போட்டபோதுதான் முதல் மோதல் வந்தது. கோதுமை அறுத்த தாளடியில் போட்ட பயறு முழங்கால் உயரம் வந்திருந்தது. பருத்தி நிலத்தில் பருத்தியும் கோதுமையும் தவிர எதுவும் கூடாது, உழுது அழி என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். உழவுக்கு ஆள் தேடியபோது, சும்மா நின்ற ஒரே டிராக்டரின் ஓட்டுநரைக் கையோடு அழைத்து வந்தார்கள். அவர் மஹ்கம்.

மஹ்கம் வயலின் நடுவில் டிராக்டரை நிறுத்தினார். இறங்கினார். டீசல் பம்பைக் கழற்றிக் கீழே வைத்தார். “ரிப்பேர்” என்றார். அடுத்த சில நாள் அவர் மல்பெரி மரத்தடியில் ஒரு விரிப்பைப் போட்டு, அந்தப் பம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேற்பார்வைக்கு வந்தவர்கள் வெயிலில் நின்று அலுத்துத் திரும்பிப் போனார்கள். ஹோசியத் மதியத்தில் கணவனுக்குச் சோறு கொண்டு போனாள். பயறு முற்றியது. அதை விற்ற காசில்தான் மகனுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்த மகன் இப்போது ரஷ்யாவில் கூரை போடுகிறான். ஊரில் பாதி வீட்டுப் பையன்கள் அங்கேதான். “நிலம் காசு குடுத்தா வந்துடறேன்மா” என்று போனில் சொல்வான். ஹோசியத் அதை யாரிடமும் சொல்லி அழுவதில்லை. ஆனால் அவள் பேச்சில் ‘நிலம்’ என்று வந்தால், கடைசியில் அந்தப் பையனிடம் போய்த்தான் நிற்கும்.

*

வயலில் மதியச் சாப்பாடு. பருத்தி எடுக்கும் பெண்கள் ரொட்டியைப் பிய்த்துத் திராட்சையோடு தின்றுகொண்டிருந்தார்கள். கெட்டிலில் பச்சைத் தேநீர். ஹோசியத் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். கரோமத் அவள் பக்கத்து வீட்டுக்காரி, எடுப்பில் வேகம், வாயில் அதைவிட வேகம்.

“பக்கத்து வயல் ரஹ்மத்துல்லா அண்ணன் தாண்டிட்டாராமே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எங்க தாண்டினாரு!” என்றாள் கரோமத். “ராத்திரி, பாலத்துலேர்ந்து தள்ளி, ஆழமில்லைன்னு நெனச்ச இடத்துல வண்டியை இறக்கினாராம். டிராக்டர் சாஞ்சிடுச்சு. டிரெய்லர் பருத்தி மொத்தமும் வாய்க்கால்ல.”

“அய்யோ. அவரு?”

“கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னு பருத்தியைக் கட்டிப் புடிச்சிட்டிருந்தாராம். பொண்டாட்டியைக்கூட அப்படிக் கட்டிப் புடிச்சிருக்க மாட்டாரு.”

“மிதந்த பருத்தி எங்க போச்சு?”

“எங்க போகும்? வாய்க்கால் நம்ம ஆலைப் பக்கம்தான் வளையுது. ஆலைக்காரன் கம்பி போட்டு அள்ளிக்கிட்டான். ‘ஈரம் அதிகம்’னு எடையில கழிச்சிட்டானாம்.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். ரஹ்மத்துல்லாவின் அந்த வருஷம் அதோடு முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சிரிப்பு சட்டென்று நின்றது.

“நீங்களும் அப்படி ஏதாவது இருட்டுல போகப் போறீங்களா அக்கா?” என்று கரோமத் கேட்டாள். “போறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு நீச்சல் தெரியாது.”

“நான் ஏன் இருட்டுல போகணும்? என் பருத்தியை நானே திருடறதுக்கா?”

“அப்போ பாலத்துல போங்க. அங்க போலீஸ்காரப் பையன் இல்ஹோம் கயிறு புடிச்சிட்டு நிக்கறான்.”

“கயிறா? தடுப்புக் கம்பம் இருந்துச்சே.”

“தர்பூசணி லாரி இடிச்சு ஒடிச்சிடுச்சு. புதுக் கம்பம் மாகாணத்துலேர்ந்து வரணுமாம். வர்ற வரைக்கும் கயிறு கட்டுன்னு துர்கனோவ் சொல்லிட்டாரு. ஒரு முனை கைப்பிடியில, ஒரு முனை இல்ஹோம் கையில. காலையில நான் போறப்ப கேட்டேன், ‘தம்பி, எந்தப் பொண்ணு வருது? சீரு எவ்வளவு?’ன்னு. மூஞ்சி செவந்துட்டான், பாவம்.”

பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் சாலையின் குறுக்கே கயிறு பிடித்தால் அதற்கு ஒரே காரணம்தான்: மணப்பெண் வருகிறாள். பெண் எந்த ஊரைத் தாண்டிப் போனாலும் அந்த ஊர்ப் பையன்கள் வண்டியை மறித்துக் கயிறு இழுப்பார்கள். பெண் வீட்டார் இறங்கி ரொட்டியும் இனிப்பும் தந்து, கயிறு பிடித்தவன் இடுப்பில் ஒரு கச்சைத் துணி கட்டிவிடுவார்கள். கட்டிய கணமே கயிறு கீழே விழ வேண்டும். சீர் வாங்கிய பிறகும் கயிற்றை விடாதவனை இதுவரை யாரும் கண்டதில்லை. கச்சையை வேண்டாம் என்று தள்ளியவனையும் கண்டதில்லை. அது பெண்ணின் வாழ்வையே தள்ளுவதுபோல.

ஹோசியத் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் பிய்த்த ரொட்டி அப்படியே நின்றது.

“இல்ஹோமுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா இல்ல?”

“இருக்கா. வர்ற மாசம் கல்யாணம். ஏன் அக்கா?”

“சும்மா. ஞாயித்துக்கிழமை சந்தை பாலத்துக்குப் பக்கத்துலதானே?”

*

சத்தோர் கர்னாய்க் கொம்பு ஊதுகிறவர். ஆளைவிட நீளமான பித்தளைக் கொம்பு. அவர் ஊதினால் மூன்று ஊருக்குக் கல்யாணம் என்று தெரியும். ஹோசியத் வாசலில் நின்றபோது கொம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை மதியம் காலியா?”

“காலிதான். யாருக்குக் கல்யாணம்? உன் பையன் வந்துட்டானா?”

“பையன் இல்லை. பருத்தி.”

சத்தோர் துடைப்பதை நிறுத்தினார்.

“பருத்தியைத் தோல்சோருக்குக் கட்டிக் குடுக்கறேன். உள்ளூர் மாப்பிள்ளை சரியில்லை. சீருன்னு கேட்டா எண்ணெய் டின்னை நீட்டறான்.”

“நீ எங்க போய் முடியப் போறேன்னு தெரியுமா?”

“தெரியும். கொம்பு எவ்வளவு சத்தமா வரும்?”

“செத்தவனும் எழுந்து உக்காருவான்.”

“அதைவிடச் சத்தமா வேணும்.”

அன்று சாயங்காலம் முற்றத்தில் மஹ்கம் சுரைக்காய்க் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஹோசியத் சொல்லச் சொல்ல, தண்ணீர் ஒரே பாத்தியில் நின்று வழிந்தது.

“யாரை ஏமாத்தப் போறே? அத்தனை பேருக்கும் தெரியும், அது பருத்தின்னு.”

“யாரையும் ஏமாத்தலைங்க. எல்லாரும் பாக்கணும், அவ்வளவுதான். இருட்டுல ஒருத்தனைப் புடிச்சா அவன் திருடன். பட்டப்பகல்ல, சந்தைக்கூட்டம் நடுவுல என்னைப் புடிக்கட்டும். எதுக்குப் புடிச்சோம்னு அவங்க வாயாலயே சொல்லட்டும்.”

“நிலம் போயிடும் ஹோசியத்.”

“இப்ப மட்டும் அது நம்மகிட்டயா இருக்கு? உழறது நாம, உப்பு கழுவறது நாம. விலை அவங்களுது, காசும் அவங்களுது. இந்த எடுப்புக்கும் கூலி குடுக்கலைன்னா கரோமத்துகூட அடுத்த வருஷம் வர மாட்டா. அப்புறம் நானே எழுதிக் குடுத்துடுவேன், சொந்த விருப்பத்துல. துர்கனோவ் கேக்கவே வேண்டாம்.”

மஹ்கம் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார். “டிராக்டர் யார் ஓட்டறது?” என்று கேட்டார்.

“யாரையாவது கேக்கணும்.”

“யாரையாவது கேளு” என்றார் மஹ்கம். “அவன் பம்பைக் கழட்டி நடுப் பாலத்துல வெச்சிட்டு உக்காந்துப்பான். நானே வர்றேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை மதியம். சந்தையில் வெங்காயமும் ஆட்டுக்குட்டியும் சீனத்துப் பிளாஸ்டிக்கும் விலை போகிற நேரம். அப்போது சாலைத் திருப்பத்தில் கர்னாய் முழங்கியது.

பேரம் பேசியவர்கள் நிமிர்ந்தார்கள். கொம்பு கேட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கபாப் கடைக்காரர் விசிறியோடு வந்தார். தேநீர்க் கடையில் சதுரங்கம் ஆடிய கிழவர்கள் காய்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். சாலையின் இரு பக்கமும் நிறைந்துவிட்டது.

முதலில் சத்தோர், கொம்பை வானத்துக்கு நீட்டியபடி. பக்கத்தில் அவர் மருமகன் முரசோடு. அடுத்து மஹ்கமின் டிராக்டர், நெற்றியில் சிவப்பு நாடா. அதன் பின்னால் இரண்டு டிரெய்லர், கம்பி வலைக்கு மேலே குவிந்த வெள்ளைப் பருத்தி. பக்கங்களில் பூவேலை விரிப்புகள் தொங்கின, ஹோசியத் கல்யாணத்தன்று சுவரில் மாட்டியவை. பருத்திக்கு மேலே கரோமத்தும் மற்றப் பெண்களும் பட்டு உடுத்தி உட்கார்ந்து கைதட்டிப் பாடினார்கள். டிராக்டருக்கு முன்னால், இரண்டு கையிலும் ரொட்டியும் கற்கண்டும் அடுக்கிய தட்டோடு ஹோசியத் நடந்தாள்.

சந்தை முதலில் முழித்தது. பிறகு யாரோ ஒருவருக்கு விளங்கியது. சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது.

பாலத்தின் முகப்பில் இல்ஹோம் கயிற்றை இழுத்துப் பிடித்தான். காவல் சீருடை, மீசை முளைத்து ரொம்ப நாள் ஆகாத முகம்.

“அக்கா, திரும்பிப் போயிடுங்க.”

“ஏன் தம்பி? கயிறு புடிச்சிருக்கியே. பொண்ணு வருதுன்னுதானே புடிச்சே?”

“அக்கா, விளையாடாதீங்க. அது பருத்தி.”

“பருத்திதான்” என்றாள் ஹோசியத், சந்தை முழுவதும் கேட்கும்படி. கொம்பு நின்றிருந்தது. “யாரும் மறைக்கலை. என் வயல்ல வெளஞ்சது, நான் வளர்த்தது. ஆணி அடிச்ச மாதிரி உப்பு நின்ன மண்ணுல வளர்த்தது. தோல்சோர் ஆலைக்குக் குடுக்கறேன். குடுக்கலாம்னு தலைநகரத்துல சொல்லிட்டாங்க. குடுக்கக்கூடாதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருந்தா இப்பவே காட்டு. இங்கயே இறக்கிடறேன்.”

இல்ஹோம் பாக்கெட்டைத் தொட்டான். அங்கே ஒன்றும் இல்லை என்று அவனுக்கே தெரியும்.

“வாயாலதான் சொன்னாங்க அக்கா.”

“அப்போ நானும் வாயால சொல்றேன். சீர் எடுத்துக்கோ.”

அவள் தட்டைப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கொடுத்தாள். தோளிலிருந்து புதுக் கச்சைத் துணியை எடுத்து விரித்தாள். இல்ஹோம் ஒரு அடி பின்னால் போனான். கிழவர்களில் ஒருவர் குச்சியைத் தரையில் தட்டினார்.

“டேய், கச்சையைத் தள்ளப் போறியா? வர்ற மாசம் உன் தங்கச்சி இந்த வழியாத்தானே போகணும்?”

“எங்க பசங்க கயிறு போடுவாங்கடா!” என்று இன்னொருவர். “நீ வாங்காத சீரை நாங்க மட்டும் வாங்கணுமா?”

“கயிறு புடிச்சதுக்கு அப்புறம் இடுப்பைக் காட்டுடா, வெக்கப்படறான் பாரு!” என்று கபாப் கடைக்காரர் விசிறியை ஆட்டினார்.

இல்ஹோம் தலையைக் குனிந்தான். ஹோசியத் அவன் இடுப்பைச் சுற்றித் துணியைக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது மெதுவாக, “உன் வேலைக்கு ஒண்ணும் வராது தம்பி. நான்தான் கட்டினேன், நான்தான் பேசினேன். கேட்டா என் பேரைச் சொல்லு” என்றாள்.

கயிறு கீழே விழுந்தது. பழக்கத்தில் அவன் வாய், “நல்லா இருக்கட்டும்” என்று வாழ்த்தியும் விட்டது. சத்தோர் கொம்பைத் தூக்கினார். டிராக்டர் பாலத்தில் ஏறியது.

நடுப் பாலத்தில் எதிரே ஒரு வெள்ளைக் கார். தோல்சோரில் ஏதோ வேலையாகப் போய்விட்டுத் திரும்பிய துர்கனோவின் கார். பாலம் ஒரு வண்டி அகலம். கொம்பு, முரசு, நாடா கட்டிய டிராக்டர் எல்லாம் எதிரே வந்ததும், கார் ஓட்டுநர் யாரையும் கேட்கவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிடுவது அவர் கைக்குப் பழகிப்போனது. பின்னோக்கியே ஓட்டிப் போய், அக்கரையில் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹாரனும் இரண்டு முறை அடித்தார், வாழ்த்துக்கு.

துர்கனோவ் கதவைத் திறந்து இறங்குவதற்குள் முதல் டிரெய்லர் அவரைத் தாண்டிவிட்டது.

“நிறுத்துங்க! இது என்ன கூத்து? ஹோசியத் எர்காஷேவா!”

“இருக்கேன் ஐயா.”

“இது பருத்தி!”

“ஆமாங்க ஐயா. தோல்சோர் ஆலைக்கு.”

அவர் சுற்றிலும் பார்த்தார். பாலம் முழுக்க ஆட்கள். அக்கரையிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு போன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

“யாரைக் கேட்டு?”

“நீங்க யாரைக் கேட்டுத் தடுத்தீங்க ஐயா? இங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்கறாங்க.”

துர்கனோவ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது டிரெய்லரும் அவரைத் தாண்டியது. மேலே இருந்த கரோமத் கைநிறைய மிட்டாயை அள்ளி, கல்யாணத்தில் போடுவதுபோலவே அவர் தலைமேல் தூவினாள். ஒன்று அவருடைய கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் வயல் ஓரத்தில் பெண்கள் கூலி வாங்கினார்கள், காசாக. கரோமத் தன் பங்கை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், “எண்ணெய் வாசமே இல்லையே அக்கா, கள்ள நோட்டா?” என்றாள்.

*

நிலத்தைப் பறிக்க ஆள் வருவார்கள் என்று அந்த வாரம் முழுவதும் ஊர் எதிர்பார்த்தது. பாலத்துக் காட்சி போனிலிருந்து போனுக்குப் போய், மாவட்டம் தாண்டி, தலைநகரம் வரைக்கும் போயிற்று. ஹோக்கிம் துர்கனோவைக் கூப்பிட்டு, பாலத்தில் காவல் போட யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டதாகச் செய்தி. ஹோக்கிமே வாயால் சொன்னதுதான் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் எழுதாத உத்தரவுக்கு எழுத்தில் பதில் சொல்ல முடியாது. மாகாணத்திலிருந்து வந்த புதுக் கம்பம் இன்னும் காவல் நிலையத்துப் பின்கட்டில் கிடக்கிறது. கோழிகள் அதன்மேல் அடைகின்றன. இல்ஹோமை ரயில் நிலையத்துக்கு மாற்றினார்கள். தங்கையின் கல்யாணத்துக்கு அவன் அந்தக் கச்சையைத்தான் கட்டியிருந்தான்.

அடுத்த கூட்டத்தில் துர்கனோவ் மேடையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஹோசியத் எர்காஷேவா, வாங்க. சொன்னேன் இல்ல? கையெழுத்துப் போடுங்க.”

ஹோசியத் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்:

“அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க ஐயா. சத்தமா.”

“நிலத்தைச் சொந்த விருப்பத்தில் திருப்பித் தருகிறேன்.”

“என் விருப்பம்னா எனக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு அப்படி ஒரு விருப்பமே இல்லைங்க. வேணும்னா நிலத்தைப் பறிக்கறோம்னு எழுதி, கீழ நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதை வாங்கிக்கறேன்.”

கூடத்தில் யாரும் இருமவில்லை. துர்கனோவ் காகிதத்தைப் பார்த்தார். பேனா அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, வழக்கமான பட்டியலை எடுத்தார்.

“குறைவா இருக்கறவங்க எல்லாரும் எழுந்து நில்லுங்க.”

நாற்காலிகள் நகர்ந்தன. ஹோசியத் நகரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ரஹ்மத்துல்லா பாதி எழுந்திருந்தார். பெரிய உடம்பு, எழுவதற்கும் நேரம் பிடிக்கும். அந்த அரைகுறை நிலையிலேயே அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

“ரஹ்மத்துல்லா! உங்களைத்தான்.”

“முட்டி ஐயா” என்றார் ரஹ்மத்துல்லா. “வாய்க்கால்ல நின்னதுலேர்ந்து முட்டி சரியில்லை.” நாற்காலி முனக உட்கார்ந்தார். பிறகு ஹோசியத் பக்கம் சாய்ந்து, மேடைக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்:

“தங்கச்சி, ரெண்டாம் எடுப்பு எப்போ?”

“வியாழக்கிழமை ஏத்தறேன் அண்ணே. மதியம். நீங்களும் வாங்க, பாலத்துல சேர்ந்தே போகலாம்.”